டி.எஸ்.ஸில் கோடும் புள்ளியும் வந்தாலே 'சி' போட்டுத் தொலைக்கிறேன்

சனிக்கிழமை_மாக்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். டேட்டா சஃபிசியன்சியில் (டி.எஸ்.) தவறியவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்றுமே ஆயத்தொலை வடிவியல். மூன்றிலும் நான் போட்டிருந்தது 'சி'. இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும் என்று. (டி.எஸ்.ஸில் கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் சொன்னால் போதும்: ஏ என்றால் கூற்று 1 மட்டும் போதும், பி என்றால் 2 மட்டும் போதும், டி என்றால் தனித்தனியாக இரண்டுமே போதும், இ என்றால் சேர்த்தாலும் போதாது.)

சூத்திரம் தெரியாமல் இல்லை. சாய்வு, நடுப்புள்ளி, தொலைவு எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே கையோடு வருகிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கேள்விகளை என் சொற்களில், எண்களை மாற்றிப் போடுகிறேன்.

கேள்வி 1: எக்ஸ்-ஒய் தளத்தில் ஒரு நேர்கோடு மூன்றாம் கால்பகுதி (கீழ் இடது மூலை) வழியாகச் செல்கிறதா?
(1) அதன் சாய்வு 2/5.
(2) அதன் ஒய் வெட்டுத்துண்டு (ஒய் அச்சை வெட்டும் இடம்) 4.

கேள்வி 2: (ப, க) என்ற புள்ளி ஆதிப்புள்ளியிலிருந்து 5 அலகுக்கு மேல் தள்ளி இருக்கிறதா?
(1) ப + க = 8
(2) ப − க = 6

கேள்வி 3: ஒரு முக்கோணத்தின் இரண்டு முனைகள் (0, 0), (6, 0). மூன்றாவது முனையின் ஒய் ஆயத்தொலை என்ன?
(1) மூன்றாவது முனை (0, 0)-இலிருந்து 5 அலகு தூரம்.
(2) மூன்றாவது முனை (6, 0)-இலிருந்து 5 அலகு தூரம்.

முதல் கேள்விக்கு என் கணக்கு: கோடு என்றால் சாய்வும் வேண்டும், வெட்டுத்துண்டும் வேண்டும், ஆக சி. இரண்டாவதில் இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடுகள். தீர்த்தால் 7, 1. தூரம் √50, ஐந்தைவிடப் பெரியது, ஆக சி. நாற்பது நொடியில் முடித்துவிட்டுப் பெருமையாக வேறு இருந்தது. மூன்றாவதில் படம் போட்டேன், (3, 4) அழகாக வந்து உட்கார்ந்தது. சி.

விடைத்தாளில் ஏ, ஏ, இ. விளக்கம் என்று ஒரு வரி: "கூற்று 1 போதுமானது". அது எனக்கும் தெரிகிறது. எப்படிப் போதும்?

மூணாவது_தடவை

வடிவியலையே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்களே? இதற்குப் போய் ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள்? டி.எஸ். வருகிற டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 20 கேள்வி, 45 நிமிடம். ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். அட்டவணை படிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

கட்டம்_போட்ட_நோட்டு

எடுத்தது உண்மை, ஆனால் பாதி உண்மை. 2023 நவம்பரில் ஜிமேட்டின் புது வடிவமான ஃபோகஸ் பதிப்பு வந்தபோது குவான்ட் என்கிற கணிதப் பகுதியிலிருந்து வடிவியல் போனது. டி.எஸ். கேள்விகள் அங்கிருந்து டேட்டா இன்சைட்ஸ் பக்கம் குடிபெயர்ந்தன. கோடு, சாய்வு, வெட்டுத்துண்டு, இருபடிச் சார்பின் வரைபடம் இதெல்லாம் இயற்கணிதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளேதான் இருக்கிறது. சனிக்கிழமை சொன்ன மூன்றாவது கேள்வி பழைய பதிப்பு வாசனை அடிக்கிறது, பரவாயில்லை. அதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

சனிக்கிழமை, உங்கள் தவறு கணக்கில் இல்லை. கோடு எது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுகிறீர்கள். கேள்வி அதையா கேட்டது? மூன்றாம் கால்பகுதிக்குள் போகுமா என்று மட்டும்தானே கேட்டது?

நோட்டில் இரண்டு அச்சு போட்டுக்கொண்டு ஒரு ஸ்கேலை எடுங்கள். நிஜமாகவே எடுங்கள். சாய்வு 2/5 என்றால் வலப்பக்கம் லேசாக ஏறுகிற மாதிரி வையுங்கள். அந்தச் சாய்வு மாறாமல் ஸ்கேலை மேலே தள்ளுங்கள், கீழே தள்ளுங்கள். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதன் இடது முனை, ஸ்கேல் போதுமான நீளம் இருந்தால், கீழ் இடது மூலையில் போய் இறங்கும். தப்பிக்க வழியே இல்லை. வெட்டுத்துண்டு ஆயிரமாக இருந்தாலும் எக்ஸ் −2500-ஐத் தாண்டி இடப்பக்கம் போனதும் கோடு அச்சுக்குக் கீழே வந்துவிடும். ஆக (1) போதும்.

இப்போது (2). சாய்வை மறந்துவிடுங்கள். முழுசாக மறக்க வேண்டும், இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். (0, 4)-இல் ஓர் ஆணி அடித்து ஸ்கேலை அதில் மாட்டிச் சுழற்றுங்கள். வலப்பக்கம் ஏறினால் மூன்றாம் கால்பகுதிக்குள் போகிறது. வலப்பக்கம் இறங்கினால் போகவில்லை. ஒரு 'ஆம்', ஒரு 'இல்லை'. கதை முடிந்தது, போதாது.

எனக்கு இதுதான் மொத்த வித்தை. சாய்வு தெரிந்தால் ஸ்கேல் நகரும், புள்ளி தெரிந்தால் ஸ்கேல் சுழலும். நகர்த்தியோ சுழற்றியோ ஒன்றோடொன்று சண்டை போடுகிற இரண்டு படங்களைத் தேடுகிறேன். கிடைத்தால் போதாது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் போதும். ஒரே ஒரு படம் வரைந்துவிட்டு அதை ரசித்துக்கொண்டிருந்தால் எல்லாமே போதும் போலத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வியில் கூற்று (1)-ஐ ஒரு கோடாகப் பாருங்கள். ஒரு அச்சில் 8, இன்னொன்றிலும் 8, இரண்டையும் இணைக்கிற கோடு. புள்ளி அதில் எங்கே வேண்டுமானாலும் உலாவலாம். ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் வருகிற இடம் நட்டநடுவில் (4, 4). அங்கேயே தூரம் √32. ஐந்து என்பது √25. ஆக, கிட்டத்தில் வரும்போதே ஐந்தைத் தாண்டியாயிற்று, போதும். (2)-லும் அதே வேலை: மிக அருகான இடம் (3, −3), தூரம் √18, ஐந்துக்குள். (10, 4)-க்குப் போனால் ஐந்துக்கு வெளியே. சண்டை வந்துவிட்டது, போதாது. விடை ஏ. கால்குலேட்டரைத் திறந்து √50 எவ்வளவு என்று பார்க்கிற நிமிடமே பாதை தவறிவிட்டோம் என்று அர்த்தம்.

மூன்றாவதில் படம் போட்டீர்கள், ஆனால் மேலே மட்டும் போட்டீர்கள். நோட்டை மடித்துப் பாருங்கள், (3, −4)-உம் அதே நிபந்தனைக்குச் சரியாக உட்காரும். ஒய் 4-ஆ, −4-ஆ? தெரியாது. ஆக இ. ஆனால் கேள்வியில் "ஒய் ஆயத்தொலை என்ன" என்பதற்குப் பதில் "பரப்பளவு என்ன" என்று இருந்திருந்தால் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் 12. அப்போது நீங்கள் போட்ட சி சரி! தகவல் ஒன்றுதான், கேள்வி மாறியதும் விடை மாறிவிடுகிறது.

ஓய்வு_வாத்தி

ஸ்கேல் நன்றாக இருக்கிறது தம்பி. முப்பது வருடம் கரும்பலகையில் மர ஸ்கேல் பிடித்தவன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தை மட்டும் நம்பிப் போகிற பிள்ளைகள் எங்கே விழும் என்றும் பார்த்திருக்கிறேன். இதற்கு விடை சொல்லுங்கள். சாய்வை சா என்றும் ஒய் வெட்டுத்துண்டை வெ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

ஒய் = சா × எக்ஸ் + வெ என்பது ஒரு நேர்கோடு. சா × வெ > 0 ஆகுமா?
(1) கோடு (−3, 0) வழியாகச் செல்கிறது.
(2) கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லவில்லை.

ஸ்கேலாலேயே போடுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

கட்டம்_போட்ட_நோட்டு

ஆணியை (−3, 0)-இல் அடிக்கிறேன் சார். ஸ்கேல் வலப்பக்கம் ஏறினால் சாய்வு நேர்மறை, ஒய் அச்சை மேலே வெட்டும், வெட்டுத்துண்டும் நேர்மறை. இறங்கினால் இரண்டும் எதிர்மறை. இரண்டு விதத்திலும் பெருக்கற்பலன் நேர்மறைதான். (1) போதும். (2)-இல் வெ பூச்சியம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விடை ஏ.

இதில் விழுவதற்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை_மாக்

எனக்கும் ஏ. முதல் தடவையாக சி போடாமல் இருக்கிறேன், தயவுசெய்து இது சரி என்று சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தி

இரண்டு பேரும் விழுந்தாயிற்று. விடை சி.

சனிக்கிழமை, சி மேல் இப்போதுதான் பயம் வந்திருக்கும், மன்னித்துவிடுங்கள். (1)-ஐ எழுதிப் பாருங்கள். ஒய்க்கு 0, எக்ஸுக்கு −3 போட்டால் 0 = −3சா + வெ. அதாவது வெ = 3சா. ஆகவே சா × வெ = 3சா². வர்க்கம் எதிர்மறை ஆகாது, சரி. பூச்சியம் ஆகலாமே? சா = 0 என்றால் வெ = 0. அது என்ன கோடு? எக்ஸ் அச்சு. (−3, 0) அதன்மேல் இல்லையா? பெருக்கற்பலன் 0, அது 0-ஐவிடப் பெரியது இல்லை. எக்ஸ் அச்சும் ஒரு கோடுதானே தம்பி, அதை ஏன் ஒதுக்கினீர்கள்?

(2) வந்து ஆதிப்புள்ளி வழியாகப் போகிற அந்த ஒரே கோட்டைத் தள்ளிவிடுகிறது. மீதி எல்லாவற்றுக்கும் 'ஆம்'. ஆக சி.

ஸ்கேல் இதைக் காட்டாது என்று நான் சொல்லவில்லை. ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு ஸ்கேலைத் திருப்பும்போது நடுவில் ஒரு கணம் அது படுத்துவிட்டுத்தான் போனது. நீங்கள் பார்க்கவில்லை. இயற்கணிதத்தில் அந்தக் கணம் தானாக வந்து நிற்கும், சா² என்று எழுதியவுடனே 'பூச்சியம் ஆகுமா' என்று கை கேட்கும். பழக்கம் அப்படி.

கட்டம்_போட்ட_நோட்டு

ஒப்புக்கொள்கிறேன் சார். இரண்டு வருடமாக ஸ்கேல் ஸ்கேல் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், படுத்த கோட்டைக் கவனிக்கவில்லை. நல்ல அடி.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: சுழற்றும்போது படுத்த கோடு, நின்ற கோடு, ஆதிப்புள்ளி வழியாகப் போகிற கோடு இந்த மூன்றிலும் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

யாழ்_டொரொண்டோ

நல்ல இழை. ஒன்று மட்டும் கேட்கட்டா? நீங்கள் 'சாய்வு' என்பதை நாங்கள் 'படித்திறன்' என்றுதான் படித்தோம். ஆயத்தொலை எங்களுக்கு ஆள்கூறு. ஆதிப்புள்ளி உற்பத்தி. முதல் பதிவை வாசிக்கும்போது 'சாய்வு 2/5' என்பதைப் படத்தில் சாய்த்து வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சரி, என் பங்குக்கு ஒரு கணக்கு.

ஒரு கோடு இரண்டு அச்சுகளோடும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை அமைக்கிறது. அதன் பரப்பளவு என்ன?
(1) கோட்டின் படித்திறன் −3/4.
(2) எக்ஸ் வெட்டுத்துண்டு, ஒய் வெட்டுத்துண்டு இரண்டின் பெருக்கம் 12.

இதற்கும் நான் முதலில் சி போட்டவன். இரண்டையும் சேர்த்தால் வெட்டுத்துண்டுகள் 4, 3 என்று வடிவாக வருகிறது, பரப்பளவு 6. வந்தவுடனே சந்தோஷத்தில் கை நின்றுவிட்டது. பரப்பளவு என்பதே பெருக்கத்தில் பாதிதானே! தனித்தனியாக 4-ஆ 3-ஆ, 12-ஆ 1-ஆ என்பது யாருக்கு வேணும்? (2) மட்டும் போதும். விடை பி. படித்திறன் மட்டும் இருந்தால் கோட்டை வெளியே தள்ளத் தள்ள முக்கோணம் பெருத்துக்கொண்டே போகும், ஆகவே (1) போதாது.

இன்னொன்று, சேர்த்துத் தீர்த்தால் −4, −3 என்றும் ஒரு சோடி வரும். அதைக் கண்டு மிரண்டு 'இரண்டு விடை வருகிறது, இ' என்று போட்ட நண்பன் ஒருவன் இருக்கிறான். மூன்றாம் கால்வட்டத்தில் (உங்கள் கால்பகுதி) இருந்தாலும் பரப்பளவு 6 தானே.

மூணாவது_தடவை

'உற்பத்தி' சூப்பர். இனிமேல் அதைத்தான் சொல்லப் போகிறேன். கோடு உற்பத்தி வழியாகச் செல்கிறது.

சரி, நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இது வீண் வேலை இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். (1)-இலிருந்து எனக்கு ஒரு மதிப்பு வருகிறது, (2)-இலிருந்து வேறு மதிப்பு வருகிறது. தனித்தனியாக இரண்டும் போதும் என்று டி போடலாமா?

ஓய்வு_வாத்தி

கூடாது. முதலில் உங்கள் கணக்கில் எங்கே பிசகு என்று தேடுங்கள். ஜிமேட்டில் இரண்டு கூற்றும் ஒன்றையொன்று மறுக்காது. இரண்டும் ஒரே கோட்டைப் பற்றிய இரண்டு உண்மைகள். (1)-படி சாய்வு 2, (2)-படி சாய்வு −2 என்று வந்தால் குறி எங்கேயோ தவறியிருக்கிறது. பெரும்பாலும் தொலைவை வர்க்கப்படுத்தும் இடத்தில்தான்.

அதற்காக (2)-இல் இருப்பதை (1)-ஐப் பார்க்கும்போது பயன்படுத்தக் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும்.

சனிக்கிழமை_மாக்

இரண்டு புள்ளி கொடுத்தால் என்ன செய்வது? கோடு (−7, 2) வழியாகப் போகிறது என்று (1), (3, −5) வழியாகப் போகிறது என்று (2). மூன்றாம் கால்பகுதிக்குள் போகுமா என்று கேள்வி. நான் உட்கார்ந்து சமன்பாடே கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றரை நிமிடம்.

கட்டம்_போட்ட_நோட்டு

(1)-இல் ஸ்கேலைப் படுக்க வைத்தால் 'இல்லை', செங்குத்தாக நிறுத்தினால் 'ஆம்'. (2)-இல் நிறுத்தினால் 'இல்லை', படுக்க வைத்தால் 'ஆம்'. இரண்டும் தனியாகப் போதாது. சேர்த்தால் இரண்டு ஆணி, ஸ்கேல் அசையாது. அசையாத கோட்டைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் உண்டு. அந்தப் பதில் ஆமா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, சி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒன்றரை நிமிடம் மிச்சம்.

பாருங்கள், இங்கே உங்கள் சி சரிதான்.

கோடு இல்லாமல் ஒன்று தருகிறேன். ஒய் = எக்ஸ்² + ப எக்ஸ் + க என்ற பரவளையம் எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டுமா? (1) அது (2, −3) வழியாகச் செல்கிறது. (2) க = −4. தன்மைகாட்டி எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், கிண்ணம் மாதிரி மேல்நோக்கித் திறந்திருக்கிறது என்பதை மட்டும் யோசியுங்கள்.

சனிக்கிழமை_மாக்

கிண்ணத்தின் ஏதாவது ஒரு புள்ளி அச்சுக்குக் கீழே இருந்தால் இரண்டு பக்கமும் மேலே ஏறும்போது வெட்டித்தான் ஆக வேண்டும். (1)-இல் (2, −3) கீழே. (2)-இல் (0, −4) கீழே. டி?

கட்டம்_போட்ட_நோட்டு

டி. ப எவ்வளவு என்று தேடினீர்களா?

சனிக்கிழமை_மாக்

இல்லை!

யாழ்_டொரொண்டோ

வாத்தியார் இதில் ஏதும் பொறி வைத்திருக்கிறாரோ என்று இரண்டு தரம் பார்த்தேன். இல்லை.

ஓய்வு_வாத்தி

நான் வைக்கவில்லை. எக்ஸ்²-க்கு முன்னால் 1 என்று தம்பி தெளிவாகப் போட்டுவிட்டார். அங்கே ஓர் 'அ' போட்டிருந்தால் வைத்திருப்பேன்.

சனிக்கிழமை_மாக் (மூன்று வாரம் கழித்து)

அடுத்த மாதிரித் தேர்வு முடிந்தது. ஆயத்தொலையில் டி.எஸ். இரண்டு வந்தன. ஒன்று சரி. அதை வெறும் விரலை ஸ்கேலாக வைத்தே போட்டேன், தேர்வு மையத்தில் ஸ்கேல் தர மாட்டார்கள் அல்லவா.

தவறியது இது. எண்கள் என்னுடையவை.

ஒரு நேர்கோடு (5, 9) வழியாகச் செல்கிறதா?
(1) அது (1, 0), (3, 4) வழியாகச் செல்கிறது.
(2) அது (5, 8) வழியாகச் செல்கிறது.

(1)-இல் இரண்டு ஆணி. கோடு அசையாது, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். (விடை 'இல்லை' என்றாலும் அது போதும்தான் என்பது இப்போது பழகிவிட்டது. முன்பெல்லாம் 'இல்லை' வந்தாலே போதாது என்று போடுவேன்.) (2)-இல், எக்ஸ் 5 ஆக இருக்கும்போது ஒய் 8 என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் 9 எப்படி வரும்? 'இல்லை', போதும். டி போட்டேன். விடை ஏ.

படுத்த கோட்டைச் சரியாகப் பார்த்தேன் சார். அதற்குள் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஓய்வு_வாத்தி

எழுந்து நிற்கச் சொல்லுங்கள். எக்ஸ் = 5.

சனிக்கிழமை_மாக்

ஐயோ.